பதினெட்டு லட்சம் நிலுவை: எந்தக் கதவை முதலில் தட்டுவது?

கேள்வி: கோவை ஆவாரம்பாளையத்தில் நான்கு சி.என்.சி. எந்திரங்கள் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறேன். ஒரு பம்ப் கம்பெனிக்கு ஷாஃப்ட், இம்பெல்லர் கடைசல் வேலை செய்து கொடுத்ததில் 23 பில்களுக்கு 18,40,000 ரூபாய் வர வேண்டும். மிகப் பழைய பில் போட்டு இரண்டு ஆண்டு எட்டு மாதம் ஆகிறது. கடைசி பில்லுக்குப் பதினொரு மாதம். பர்ச்சேஸ் ஆர்டரில் 90 நாள் தவணை என்று இருக்கிறது. பதினான்கு மாதங்களுக்கு முன் ஒரு லட்சம் மட்டும் வங்கி வழியாக வந்தது. 'அடுத்த மாதம், அடுத்த மாதம்' என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், இப்போது சரக்கில் ரிஜெக்ஷன் (தரக்குறைவு) என்று சொல்லி, 6 லட்சத்தைக் கழித்துக்கொள்வதாக டெபிட் நோட் அனுப்பியிருக்கிறார்கள். தகராறு வந்தால் அவர்களுடைய நிர்வாக இயக்குநர் நியமிக்கும் நடுவர்தான் தீர்ப்பார் என்று ஆர்டரின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. அவர்கள் முன்பு கொடுத்த, தேதி போடாத 5 லட்ச ரூபாய் செக் ஒன்று என்னிடம் இருக்கிறது. 2021 இல் சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு எடுத்திருக்கிறேன். போலீசில் மோசடிப் புகார் கொடுக்கச் சொல்கிறார் மைத்துனர். கோர்ட்டுக்குப் போனால் பத்து வருடம் என்கிறார் ஆடிட்டர். அந்த முதலாளி என் மகள் கல்யாணத்துக்கு வந்து மொய் வைத்தவர். எப்படி நோட்டீஸ் அனுப்புவது என்று மனம் ஒப்பவில்லை. ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க மனைவியின் நகை அடகுக்குப் போய்விட்டது. இனி அவர்களிடம் ஆர்டரும் வராதோ என்ற பயமும் இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த மொய்தான். என் தந்தையும் கோவை கணபதியில் இரண்டு லேத் வைத்துப் பிழைத்தவர். வேலை முடித்துக் கொடுத்த இடத்தில் பணம் கேட்கப் போகும் நாளில் மட்டும் சட்டையை மாற்றிக்கொண்டு, வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்த நாட்கள் எனக்குத் தெரியும். ஆகவே உங்கள் தயக்கத்தை நான் குறைவாக எண்ணவில்லை. ஆனால் இருபத்தைந்து ஆண்டுகளாக வணிக வழக்குகளைப் பார்த்துவருகிறேன். பட்டறைக்காரர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் சட்டம் அவர்களுக்கு எதிராக இருப்பதால் அல்ல, முகதாட்சண்யத்தில் நாட்களைக் கழித்துவிடுவதால்தான். உங்கள் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் நன்றாகவே நிற்கிறது. நாட்கள்தான் குறைவாக இருக்கின்றன. அதனால் நாளிலிருந்தே தொடங்குகிறேன்.

இப்படிப்பட்ட நிலுவைக்கு வழக்குத் தொடரக் காலவரையறைச் சட்டம் தரும் காலம் மூன்று ஆண்டுகள். உங்கள் மிகப் பழைய பில்லுக்கு இன்னும் நான்கு மாதம்தான் பாக்கி. தவணைக் காலம் முடிந்த நாளிலிருந்துதான் மூன்று ஆண்டு எண்ண வேண்டும் என்று வாதாட இடம் உண்டு. ஆனால் நாள் எண்ணும்போது கருமியாக எண்ணுங்கள், பில் தேதியிலிருந்தே எண்ணுங்கள். வாதத்தில் ஜெயிப்பதைவிட வாதமே வராமல் பார்த்துக்கொள்வது மேல்.

இதில் பலருக்கும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டால் காலம் நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். நிற்காது. பத்து நோட்டீஸ் அனுப்பினாலும் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். வார்ப்படப் பட்டறை வைத்திருந்த ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தார். மூன்று நோட்டீஸ்களின் நகல், எதிர்த்தரப்பின் இனிமையான வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் கையில் இருந்தன. மூன்று ஆண்டு முடிந்து இருபது நாள் ஆகியிருந்தது. அந்தக் கோப்பை அவரிடம் திருப்பிக் கொடுத்தது என் தொழில் வாழ்வில் மறக்க முடியாத நாட்களில் ஒன்று.

காலத்தைப் புதுப்பிக்க வழி உண்டு. மூன்று ஆண்டு முடிவதற்குள் கடன்பட்டவர் 'இவ்வளவு பாக்கி இருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அந்தக் கையெழுத்து விழுந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு தொடங்கும். ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது ஆடிட்டர்கள் பரிமாறிக்கொள்ளும் நிலுவை உறுதிக் கடிதம் இதற்கு மிகவும் நல்ல ஆவணம். கடந்த மார்ச் மாதத்துக்கோ அதற்கு முந்தைய மார்ச்சுக்கோ அப்படி ஒரு கடிதத்தில் அவர்கள் முத்திரையிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று உங்கள் ஆடிட்டரிடம் இன்றே கேளுங்கள். பகுதிப் பணம் கொடுத்தாலும் காலம் புதுப்பிக்கும். ஆனால் அந்தப் பணம் கொடுத்ததற்கு அவர்கள் கைப்பட எழுதிய அல்லது கையெழுத்திட்ட எழுத்து வேண்டும் என்கிறது சட்டம். வங்கி வழியாக வந்த அந்த ஒரு லட்சத்தை வைத்து வாதாடலாம், ஆனால் அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். அது எந்த பில்லுக்கு என்று அவர்கள் சொல்லாமல் அனுப்பியிருந்தால், எந்த பில்லில் வரவு வைப்பது என்பது உங்கள் உரிமை. மிகப் பழைய பில்லில் வரவு வைத்து, அதை அவர்களுக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

இனி கதவுக்கு வருகிறேன். உங்களுக்கு முதல் கதவு வசதியாக்க மன்றம். தொழில்துறையில் எல்லோரும் 'கவுன்சில்' என்றே சொல்கிறார்கள். குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006 இன் கீழ் மாநில அரசு அமைத்திருக்கும் அமைப்பு இது. கோவையிலேயே இருக்கிறது. மனுவை இணையம் வழியாகத் தாக்கல் செய்ய 2017 இல் ஒன்றிய அரசு 'சமாதான்' என்ற தளத்தைத் தொடங்கியது. இப்போது எந்தத் தளத்தில், எப்படிப் பதிவேற்ற வேண்டும் என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பார்கள். நான்கு எந்திரம் வைத்திருக்கும் நீங்கள் குறுந்தொழில் வகையில் வருவீர்கள். இந்தச் சட்டத்தின் பணப் பாதுகாப்பு குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டுமே. நடுத்தர நிறுவனத்துக்குக் கிடையாது. உத்யம் பதிவுக்குப் பிறகு செய்த வேலை என்பதும் உங்களுக்குப் பெரிய பலம். பதிவுக்கு முன்பு செய்த வேலைக்குப் பின்னால் எடுத்த பதிவைக் காட்டிப் பயனில்லை என்று உச்ச நீதிமன்றம் 2021 இல் சொல்லியிருக்கிறது. அந்தச் சிக்கலே உங்களுக்கு இல்லை.

இந்தச் சட்டத்தின் 15 ஆம் பிரிவை நீங்கள் மனப்பாடமே செய்துகொள்ளலாம். வாங்குபவர் ஒப்பந்தத்தில் என்ன தவணை எழுதியிருந்தாலும், சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்குமேல் போகக் கூடாது. உங்கள் ஆர்டரில் உள்ள 90 நாள் அந்த அளவுக்குச் செல்லாது. 45 ஆம் நாள் தாண்டியதும் வட்டி ஓடத் தொடங்குகிறது. அது சாதாரண வட்டி அல்ல. ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். மூன்று மடங்கு 18 சதவீதம். 10 லட்சத்துக்கு ஓர் ஆண்டில் ஏறக்குறைய 1,95,600 ரூபாய் வட்டி சேரும். 'வட்டி தர மாட்டோம்' என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் சட்டமே மேலோங்கும். நீங்கள் அடகுக்கடையில் கட்டும் வட்டியை யார் கட்ட வேண்டும் என்று இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

கவுன்சில் முதலில் இரு தரப்பையும் உட்கார வைத்து இணக்கப் பேச்சு நடத்தும். அதில் தீராவிட்டால், தானே நடுவராக இருந்து விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும். அல்லது ஒரு நடுவர் அமைப்பிடம் அனுப்பும். 90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட நீள்கிறது, உங்களுக்குப் பொய் நம்பிக்கை தர எனக்கு மனமில்லை. ஆனால் தீர்ப்பு வந்தபின் கிடைக்கும் பலம் வேறெந்தக் கதவிலும் கிடைக்காது. அதை எதிர்த்து அவர்கள் நீதிமன்றம் போக வேண்டுமானால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டியாக வேண்டும். அந்தப் பணத்தில் நியாயமான ஒரு பகுதியை, வழக்கு நடக்கும்போதே உங்களுக்குக் கொடுக்கச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இழுத்தடிப்பதற்காகவே மேல்முறையீடு செய்யும் பழக்கத்தை இந்த 75 சதவீதம் நன்றாகக் குறைத்துவிடுகிறது.

ஆர்டரின் பின்பக்கப் பொடி எழுத்தைக் கண்டு பயப்படாதீர்கள். தனியாக நடுவர் ஒப்பந்தம் இருந்தாலும் சிறுதொழிலுக்கான இந்தச் சட்டமே மேலோங்கும் என்று 2022 இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அது ஒருபுறம் இருக்கட்டும். வழக்கின் முடிவில் அக்கறை உள்ள ஒருவர் தன் இஷ்டப்படி தனி நடுவரை நியமிக்க முடியாது என்பதும் 2019 முதல் நிலைபெற்ற சட்டம். அவர்கள் திடீரென்று 'இவர்தான் நடுவர்' என்று ஒரு பெயரைக் கடிதத்தில் அனுப்பினால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். ஒப்பவில்லை என்று எழுத்தில் பதில் அனுப்புங்கள். மௌனமாகப் போய் விசாரணையில் உட்கார்ந்துவிட்டால் பின்னால் சிக்கல்.

இப்போது அந்த டெபிட் நோட். உங்கள் வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வேலை முடிந்த சரக்கை ஒப்படைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் வாங்குபவர் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், ஒப்படைத்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் கொள்கிறது. தொலைபேசியில் சொன்னது, குவாலிட்டி பிரிவுப் பையன் முகம் சுளித்தது எல்லாம் எழுத்து மூலமான ஆட்சேபம் ஆகாது. மாதக்கணக்கில் பேசாமல் இருந்துவிட்டு, பணம் கேட்டு நெருக்கியபோது வந்த டெபிட் நோட்டுக்கு என்ன மதிப்பு என்பது கவுன்சிலில் உட்காருபவர்களுக்குத் தெரியும். ஆனாலும் 15 நாள் தாண்டியதால் தரம் பற்றி அவர்கள் வாயே திறக்க முடியாது என்று எண்ணிவிடாதீர்கள். எதிர்க்கோரிக்கை வைக்க அவர்களுக்கு உரிமை உண்டு. அதற்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும்.

எதிர்த்தரப்பு ரிஜெக்ஷன் என்று சொன்னதும் நான் கேட்கும் முதல் கேள்வி, 'அந்தப் பீஸ்கள் எங்கே?' என்பதுதான். உண்மையான ரிஜெக்ஷன் என்றால் சலான் போட்டுத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அளவு எடுத்த இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் இருக்கும். எந்த பில்லில், எத்தனை பீஸ், எத்தனை மைக்ரான் விலகல் என்று இருக்கும். அவர்களுடைய டெபிட் நோட்டில் இவையெல்லாம் இருக்கின்றனவா, அல்லது '6 லட்சம்' என்ற முழு எண் மட்டும் நிற்கிறதா? நீங்கள் கடைந்து கொடுத்த இம்பெல்லரைப் பம்பில் பொருத்தி விற்றுவிட்டு, பிறகு அது சரியில்லை என்று சொல்வது எளிதல்ல. உங்கள் பில்களில் உள்ள ஜி.எஸ்.டி.யைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரிச் சலுகையை அவர்கள் எடுத்திருந்தால் அதுவும் உங்களுக்குச் சாட்சி: வேலை நடந்தது, பில் சரி என்று அரசாங்கத்திடம் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஜி.எஸ்.டி. சட்டத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு. 180 நாளுக்குள் பில் பணம் கொடுக்காதவர், எடுத்த சலுகையை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும்.

அதே சமயம் உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. எந்திரத்தின் முன் நின்ற ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். ஏதாவது ஒரு லாட்டில் உண்மையிலேயே அளவு தவறியதா? தவறியிருந்தால் மறைக்காதீர்கள். அந்த லாட்டின் மதிப்பைக் கழித்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள். 40 ஷாஃப்ட் பழுது என்று தானே ஒப்புக்கொள்பவரின் மற்ற 4,000 ஷாஃப்டையும் நடுவர் நம்புவார். டெபிட் நோட்டுக்கு இந்த வாரமே எழுத்தில் பதில் அனுப்புங்கள், மறுக்க வேண்டியதை மறுத்து, விவரம் கேட்க வேண்டியதைக் கேட்டு. அந்த டெபிட் நோட்டின் நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால்கூட, பெற்றது வேறு, ஒப்புக்கொண்டது வேறு என்று அந்தப் பதிலில் சொல்லிவிடுங்கள்.

காகிதங்களைச் சேருங்கள். பர்ச்சேஸ் ஆர்டர், டெலிவரி சலான், பில், வங்கிக் கணக்கு அறிக்கை, மின்னஞ்சல். சலானில் அவர்கள் ஸ்டோர்ஸ் முத்திரையும் கையெழுத்தும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். என் தந்தை சலான்களைக் கம்பியில் குத்தித் தொங்கவிடுவார்; மழையில் நனைந்து போனவை பல. உங்களுடையவற்றை இன்றே ஸ்கேன் செய்து வையுங்கள். 'அடுத்த மாதம் தருகிறோம்' என்ற வாட்ஸ்அப் செய்திகளும் சாட்சியாகும், ஆனால் மின்னணுச் சாட்சியத்துக்கு முறையான சான்றிதழ் வேண்டும். அந்தக் கைபேசியை மாற்றவோ விற்கவோ வேண்டாம், செய்திகளை அழிக்கவும் வேண்டாம்.

மைத்துனர் சொல்வதைப் பற்றி. அவர் அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் அந்த வழியில் போகாதீர்கள். மோசடிக் குற்றத்துக்கு, ஆர்டர் கொடுத்த நாளிலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். பல மாதம் ஒழுங்காகப் பணம் கொடுத்துவிட்டுப் பிறகு நிறுத்தியவரிடம் அதைக் காட்டுவது கடினம். சிவில் தகராறைக் கிரிமினல் வழக்காக மாற்றி நெருக்கும் போக்கை உச்ச நீதிமன்றம் 2006 இலேயே கண்டித்திருக்கிறது, அதற்குப் பிறகும் பலமுறை கண்டித்திருக்கிறது. காவல் நிலையத்தில் மாதக்கணக்கில் அலைந்து, 'சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்கள்' என்று மூடி அனுப்பும்போது உங்கள் முதல் மூன்று பில்கள் காலாவதி ஆகியிருக்கும்.

கிரிமினல் சட்டத்தில் உங்களுக்கு உண்மையான பிடி அந்த செக்தான். கொடுக்க வேண்டிய கடன் உண்மையிலேயே இருக்கும்போது, கையெழுத்திட்டுக் கொடுத்த செக்கில் நீங்கள் தேதி போட்டு வங்கியில் செலுத்தலாம். வெற்று செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவரும் பொறுப்பாளிதான் என்று 2019 இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் தேதி எழுதிய கணத்திலிருந்து நாட்கள் இறுக்கமாக ஓடும். செக்கின் ஆயுள் மூன்று மாதம். திரும்பி வந்த செய்தி வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த பின் அவர்களுக்கு 15 நாள் அவகாசம். அதிலும் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். நோட்டீசில் செக் தொகையான 5 லட்சத்தைத் துல்லியமாகக் கேட்க வேண்டும். 18,40,000 என்று மொத்தமாக எழுதிக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கம்பெனியோடு சேர்த்து, அன்றாட நிர்வாகத்தைக் கவனிக்கும் இயக்குநர்களுக்கும் நோட்டீஸ் போக வேண்டும். குற்றம் நிரூபணமானால் இரண்டு ஆண்டுவரை சிறை அல்லது செக் தொகையில் இரண்டு மடங்குவரை அபராதம் விதிக்கலாம். இரண்டும் சேர்ந்தும் வரலாம். விசாரணை நடக்கும்போதே 20 சதவீதம்வரை இடைக்கால இழப்பீடு கேட்கவும் வழி உண்டு. கவுன்சில் மனுவும் செக் வழக்கும் ஒருசேர நடக்கலாம், ஆனால் அந்த 5 லட்சத்தை இருமுறை வாங்க முடியாது.

என் யோசனை, செக்கை முதல் நாளே எடுக்க வேண்டாம். செக் வழக்குப் போட்ட பிறகு முதலாளி உங்களோடு பேச மாட்டார், அவருடைய வக்கீல்தான் பேசுவார். கடிதத்துக்கும் கவுன்சில் நோட்டீசுக்கும் அவர்கள் அசையவில்லை என்றால் எடுங்கள்.

ஆடிட்டர் சொன்ன பத்து வருடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய சிவில் வழக்குகளைப் பார்த்துச் சொல்கிறார். 3 லட்சமும் அதற்கு மேலும் மதிப்புள்ள வணிகத் தகராறுகள் இப்போது வணிக நீதிமன்றத்துக்குப் போகின்றன. எதிர்த்தரப்பு 120 நாளுக்குள் பதிலுரை தாக்கல் செய்யாவிட்டால் அந்த உரிமையே போய்விடும். அவசர இடைக்கால உத்தரவு தேவைப்படாத வழக்குகளில், தாக்கல் செய்யும் முன்பே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் சமரச முயற்சி நடந்திருக்க வேண்டும். அதைத் தவிர்த்து நேரே வந்தால் வழக்கு நிராகரிக்கப்படும் என்று 2022 இல் தீர்ப்பாகியிருக்கிறது. அந்தச் சமரச நாட்கள் காலவரையறைக் கணக்கில் சேராது. தமிழ்நாட்டில் பண வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் 2017 முதல் 3 சதவீதம். உங்கள் தொகைக்கு 55,200 ரூபாய். வழக்கு சமரசத்தில் முடிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

நல்ல வழிதான், ஆனால் உங்களுக்கு இரண்டாவது வழி. அந்த வட்டியோடு 75 சதவீத வைப்புத்தொகைப் பலமும் சேர்ந்து கிடைப்பது கவுன்சிலில். அவர்கள் எந்திரங்களை விற்கிறார்கள், இடத்தைக் கைமாற்றுகிறார்கள் என்று நம்பகமான செய்தி வந்தால் மட்டும் உடனே சொல்லுங்கள். அப்போது தீர்ப்புக்கு முன்பே சொத்தைப் பற்றுகை செய்ய, அதாவது விற்க முடியாதபடி முடக்க, கேட்டு நீதிமன்றத்துக்கு ஓட வேண்டியிருக்கும். கம்பெனியைத் திவால் சட்டத்தில் இழுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அதற்குக் குறைந்தபட்ச நிலுவை 1 கோடி ரூபாய் என்று 2020 இலேயே உயர்த்திவிட்டார்கள்.

இனி மொய்க்கு வருகிறேன். முதலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டாம். நீங்களே, உங்கள் பட்டறை லெட்டர்ஹெட்டில், தமிழில் ஒரு கடிதம் எழுதுங்கள். 'ஐயா, இணைத்துள்ள பட்டியலின்படி 23 பில்களுக்கு 18,40,000 ரூபாய் நிலுவை. இத்தனை காலம் நம் பழக்கத்தை மதித்துக் காத்திருந்தேன். முதல் பில்லுக்குக் காலவரையறை நெருங்குவதால், பத்து நாளுக்குள் நிலுவையை உறுதிசெய்து கையெழுத்திட்டு, எப்போது எப்படித் தருவீர்கள் என்று தெரிவிக்க வேண்டுகிறேன். தவறினால் கவுன்சிலில் மனுச் செய்வதைத் தவிர எனக்கு வழியில்லை.' இவ்வளவு போதும். கோபமான ஒரு சொல்லும் வேண்டாம். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். பிறகு நேரில் போய்ப் பாருங்கள். எழுதிக் கேட்பது பகைமை ஆகாது. உங்கள் மகள் கல்யாணத்துக்கு வந்தவரிடம் ஒளிவு இல்லாமல் நடந்துகொள்வதுதான் அது. அவரும் தன் பார்ட்டிகளிடமிருந்து பணம் வராமல் தவித்துக்கொண்டிருக்கலாம். நேரில் பார்த்தால் தெரியும்.

பேசும்போது கையில் இரண்டு விஷயம் இருக்கட்டும். சிறுதொழிலுக்கு உரிய நாளுக்குள் தராத பணத்தை, தரும் ஆண்டுவரை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. 2023-24 கணக்கு ஆண்டு முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அதாவது உங்களுக்குக் கொடுக்காத பணத்துக்கு அவர்கள் வரி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இதை அவர்களுடைய ஆடிட்டர் காதில் போடுங்கள், பாதி வேலையை அவரே செய்துவிடுவார். இரண்டாவது, வட்டி. மனுவில் முழு வட்டியும் கேளுங்கள். பேச்சு மேசையில் விட்டுக்கொடுக்க வேண்டி வந்தால் அதில் விட்டுக்கொடுங்கள், அசலில் கை வைக்காதீர்கள்.

பேச்சில் தீர்ந்தால் அதை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். என்னிடம் வந்த ஒரு பேக்கிங் அட்டைக்காரர், 'மாதம் 50,000 தருகிறேன்' என்று நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி வாங்கியிருந்தார். யார் கையெழுத்து, எந்தக் கம்பெனி, எவ்வளவு பாக்கி, ஒன்றும் இல்லை. இரண்டு மாதம் வந்தது, நின்றுவிட்டது. மொத்தத் தொகை, ஒவ்வொரு தவணையின் தேதி, ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதும் உடனே தர வேண்டும் என்ற நிபந்தனை, கம்பெனி சார்பில் கையெழுத்திட அதிகாரம் பெற்ற இயக்குநரின் கையெழுத்து, இத்தனையும் வேண்டும். முடிந்தால் கவுன்சிலின் இணக்கப் பேச்சிலேயே அந்த ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். அப்படிப் பதிவான சமரசத்தை நடுவர் தீர்ப்பைப்போல நேரே நிறைவேற்றலாம், மறுபடி முதலிலிருந்து வழக்குப் போட வேண்டியதில்லை.

ஆர்டர் போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினொரு மாதமாக அவர்களுக்கு பில் போடவில்லை என்கிறீர்கள், அதாவது அந்த ஆர்டர் இப்போதே உங்களிடம் இல்லை. இருந்ததெல்லாம் நீங்கள் நகையை அடகு வைத்து அவர்களுடைய உற்பத்திக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்ததுதான். நிலுவையைத் தீர்த்துவிட்டு அவர்கள் மறுபடி வேலை கொடுத்தால், பில்லில் உத்யம் எண்ணை அச்சிடுங்கள், 45 நாள் என்று எழுதுங்கள், ஒவ்வொரு மார்ச்சிலும் நிலுவை உறுதிக் கடிதம் வாங்குங்கள்.

கடிதம் அனுப்பிய பதினோராம் நாள், பதில் வராவிட்டாலும், வந்த பதில் மறுபடி 'அடுத்த மாதம்' என்று இருந்தாலும், கவுன்சிலில் மனு தாக்கலாகிவிட வேண்டும். பழைய மூன்று பில்களின் தேதியைச் சிவப்பு மையில் எழுதி எந்திரத்தின் அருகில் ஒட்டி வையுங்கள். செக்கைப் பத்திரமாக வங்கி லாக்கரில் வையுங்கள், நகல் எடுத்த பிறகு.